வந்த கை

செவல்மேட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூர் போய்த் திரும்புகிறவர் யாராக இருந்தாலும், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனவராக இருந்தாலும் துபாய்க்குக் கம்பி கட்டப் போனவராக இருந்தாலும், வெறுங்கையோடு தெருவுக்குள் வந்து நிற்கக் கூடாது. பையை இறக்கி வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பனங்கற்கண்டோ பஞ்சாமிர்தமோ கோடாலித் தைலமோ வாசனை சோப்பை நறுக்கிய துண்டோ, ஏதோ ஒன்றை வீடு வீடாகக் கொண்டுபோய் உள்ளங்கையில் வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கு வந்த கை என்று பேர். ஊருக்கெல்லாம் வைத்து முடித்தபிறகு அடியில் மிஞ்சிக் கிடப்பது எதுவோ, அதுதான் சொந்த வீட்டுக்கு. வீட்டுக்கு முதலில் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்குக் கொடுத்தான் என்று அங்கே யாரைப் பார்த்தும் சொல்லிவிட முடியாது, சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

ஜார்ஜியா தேசத்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த தவசீலன் வந்த கை வைக்கவில்லை. மறந்துபோய் இல்லை. அவன் அப்பா சீனிச்சாமி, தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஊருக்கென்று வாங்கி விட்டிருந்த சொர்க்க ரதத்தின் டிரைவர். பிணவண்டிக்காரர் வீட்டிலிருந்து போகிற பண்டத்தைச் சில வீடுகளில் கையில் வாங்குவார்கள், சில வீடுகளில் "அந்த நடைல வச்சிட்டுப் போய்யா" என்பார்கள், அந்த வீடுகள் எவை எவை என்று தவசீலனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் அவன் எதையும் வாங்கியே வரவில்லை. வந்த கையோடு பயிற்சிக்கென்று ஜவ்வாது மலைக்குப் போய்விட்டான், அங்கிருந்து திரும்பும்போதும் வெறுங்கைதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்து கிளினிக் போட்டான், ஊரும் ஒன்றும் கேட்கவில்லை. படித்த பிள்ளை, அதற்கெல்லாம் நேரமிருக்காது என்று விட்டுவிட்டது.

முதலில் வாங்கிக்கொண்டவள் வள்ளிமயில். தீப்பெட்டி ஆபீசில் குச்சிக் கட்டை அடுக்குகிறவள், காய்ச்சல் என்று வந்திருந்தாள். மணிக்கட்டைப் பிடித்துத் தவசீலன் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காலையும் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா செய்யுது?"

"செருப்புக்குள்ள பனி போயிருச்சு சார். ஐசுப் பெட்டிக்குள்ள காலை விட்டாப்ல இருக்கு. அந்தா மலை உச்சியில ஒரு கோயிலு தெரியுதுல்லா, அதுக்கு ஏறவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீக?"

தவசீலன் அந்த மலையை நினைத்துப் பார்க்கப் போனான். அது இல்லை. நேற்றுவரை இருந்தது, உச்சியில் கல்லால் கட்டிய ஒற்றைக் கோயிலும், மூச்சு முட்டி பாதியில் உட்கார்ந்துவிட்ட இடமும், பின்னாலேயே வந்த நாயும், எல்லாம் இருந்தன. இப்போது பல் பிடுங்கின இடத்தில் நாக்கு தடவுகிற மாதிரி வழவழவென்று ஒரு காலியிடம். வள்ளிமயில் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, வெயில் கொதிக்கிற தெருவில் பனியில் நடக்கிறவள் போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போனாள். காய்ச்சல் விட்டிருந்தது.

அவள் படியிறங்கிய உடனே தவசீலன் நினைத்தது பனியை அல்ல, மலையை அல்ல. மனானா வீட்டு மேசையை நினைத்தான். ஐயோ, அது யார் கைக்குப் போகுமோ என்று நினைத்தான்.

மனானா அவன் தங்கிப் படித்த வீட்டுக்காரம்மா. மாடி வராந்தா முழுக்க திராட்சைக் கொடி ஓடும் வீடு. அந்த ஊரில் விருந்தென்றால் சும்மா சாப்பிட்டுவிட்டு எழுந்து போக மாட்டார்கள், ஒருவர் எழுந்து நின்று ஒவ்வொருவருக்காகவும் நாலு நல்ல வார்த்தை சொன்னபிறகுதான் குடிப்பார்கள், இருக்கிறவர்களுக்கு, வந்தவர்களுக்கு, பிறகு போய்ச் சேர்ந்தவர்களுக்கு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி உடன் படித்த தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள், ஒருத்தனுடைய அப்பா நீதிபதி, இன்னொருத்தனுடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி, பேச்சு அப்பாக்களைச் சுற்றி வந்து வந்து தவசீலன் முன்னால் நின்றது. வண்டி ஓட்டுகிறார் என்றால் என்ன வண்டி என்று கேட்பார்கள். அவன், "அப்பா இல்ல" என்றான். இரண்டே வார்த்தை. மனானாவுக்கு யாரோ அதை அவள் பாஷையில் சொன்னார்கள்; அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா பேரென்ன என்று கேட்டாள். சொன்னான். ஒரு துண்டு ரொட்டியை எடுத்து அதன்மேல் சிவப்பு ஒயினைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், செத்தவர்களுக்கு அங்கே அப்படித்தான் கொடுப்பார்கள், விட்டுக்கொண்டே "சீனிச்சாமி, சீனிச்சாமி" என்று நாக்குப் புரளாமல் சொன்னாள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பா. ரதத்துக்கு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுகிற நேரம் அது. தவசீலன் போனைச் சட்டைக்கு மேலேயே அமுக்கிவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து தன் அப்பாவின் ஆத்மாவுக்காகக் குடித்தான்.

அந்த நினைவு யாரிடம் போனாலும் போச்சு. பேரோடு போகும்.

வள்ளிமயில் பனி வாங்கிய சமாச்சாரம் சாயங்காலத்துக்குள் தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கப் பரவியது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. "வந்த கை வைக்காமப் போனாம்லா, வைக்க வேண்டியத வைக்காட்டா அது உள்ளுக்குள்ள சும்மாவா கிடக்கும், தானா இறங்குது" என்று மேஸ்திரி சொன்னார், அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. மறுநாள் கிளினிக் மாடிப்படியிலிருந்து பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வரைக்கும் வரிசை நின்றது. நர்ஸ் ஜெபமணி படியில் குறுக்கே நின்றுகொண்டு, சீக்குக்காரர் மட்டும் வாங்க, சும்மா வந்தவுக அந்தப் பக்கம் போங்க என்று கத்திப் பார்த்தாள். சீக்கு இல்லாதவர் யாரும் அந்த வரிசையில் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலைவலி என்று ஒருத்தி சொன்னாள்.

தவசீலன் தொடாமல் வைத்தியம் பார்த்துப் பார்த்தான். சனம் விடவில்லை, அவன் கையைத் தானே பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டது. ஒரு ஆளுக்கு ஒரு நினைவு, கொடுத்தால் போனதுதான், எதைக் கொடுப்பது என்பதும் அவன் கையில் இல்லை, சாக்குக்குள் கைவிட்டமாதிரி எது அகப்படுகிறதோ அது போயிற்று. ஒவ்வொருவரும் கையை எடுத்தவுடன் அவன் முகம் வெளுத்துப்போய், "என்ன வந்துச்சு, என்ன வந்துச்சு" என்று கேட்பான். எவ்வளவு அக்கறை பார் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்வது காதில் விழுகிறபோதெல்லாம் அவனுக்குக் கூசியது.

டெய்லர் பொன்னுத்துரைக்கு, பாதாளத்தில் ஓடுகிற ரயிலுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டு வந்தது. அதிலிருந்து அவர் எந்தப் படியில் ஏறினாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் காலை வைத்துவிட்டு அது தன்னைக் கொண்டுபோகும் என்று கொஞ்ச நேரம் நிற்பார். பூக்காரி மாரிக்கனிக்கு, மலைப் பாதையில் காரை மறித்துக்கொண்டு போகும் ஆயிரம் ஆட்டுக்கு நடுவே ஒரு மத்தியானம் வந்தது, அவள் பூக்கட்டும்போது நடுநடுவே 'ஹை ஹை' என்று ஓட்டினாள். காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய்கள் ஒருவருக்கும், கடலோரத்தில் மணலே இல்லாமல் கூழாங்கல்லாகக் கிடந்த கரை ஒருவருக்கும், கந்தக வாடை அடிக்கிற வெந்நீர்த் தொட்டி ஒருவருக்கும், ஜவ்வாது மலையில் பிரசவ வலியெடுத்தவளைக் கட்டிலோடு தூக்கி வந்த ஒற்றையடிப் பாதை ஒருவருக்கும் போயிற்று. டீக்கடை லிங்கம் மட்டும் மூன்று நாளாகச் சண்டைக்கு நின்றான்.

"ஏய்யா டாக்டரு, ஊருல உள்ளவனுக்கெல்லாம் மலையும் கடலும், எனக்கு மட்டும் ஏரோப்ளேன் கக்கூஸு வரிசையா? முன்னால நிக்கிற தடியன் நகரவே மாட்டேங்கான். எனக்கு அடிவயிறு முட்டிக்கிட்டே இருக்கு."

"அது போகப் போகச் சரியாயிரும் அண்ணாச்சி."

"போனாத்தானய்யா சரியாகும். அவன் உள்ள போக விட மாட்டேங்கானே."

அந்த வருடப் பங்குனிப் பொங்கலுக்கு வில்லுப்பாட்டுக்காரர் வரவில்லை என்று ஆனபோது, விமானம் ஏறினதிலிருந்து இறங்கினது வரைக்கும் யார் யாரிடம் என்னென்ன இருக்கிறதோ அந்த வரிசைப்படி பந்தலில் உட்காருவது என்று ஊர் முடிவு செய்தது. உட்கார்ந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொண்டு, பனியில் தொடங்கி வெயிலுக்கு வந்து, ரயிலில் ஏறி ஆட்டு மந்தையில் இறங்கி, தவசீலனின் ஐந்தாறு வருடத்தை அவர்கள் அவனுக்குச் சொன்னார்கள், அவன் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒருத்தன் கதையைக் கேட்கிறமாதிரி கேட்டான். அவனுடைய போனில் படங்கள் இருந்தன, பனியில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு பையன். எதற்காக அப்படிச் சிரிக்கிறான் என்று வள்ளிமயிலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கதையின் நடுவில் ஒரு இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டிய இடத்தில், யாரிடமும் ஒன்றும் இல்லை. "இங்கன ஒரு ஆளு குறையுதே" என்றார் பொன்னுத்துரை. தவசீலன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான்.

நடையில் வைத்துவிட்டுப் போ என்று சொன்ன வீட்டுக்காரர்களும் வந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி, பிணவண்டிக்காரர் மகனிடம் நீட்டினார்கள். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு உள்ளே குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் ஓடியது, கொஞ்சம் கூடுதல் நேரமே பிடித்துக்கொண்டிருந்தான், பிறகு அப்படிப் பிடித்துக்கொண்டிருந்ததற்காக அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

சீனிச்சாமி கேட்கவில்லை. சொந்த வீட்டுக்குக் கடைசியில்தான் என்பது அவருக்குத் தெரியாததா. மனைவி போனபிறகு, அவளையும் அவர்தான் ரதத்தில் ஓட்டிக்கொண்டு போனார், மகனும் அவருமாக ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற வீடு அது. டீக்கடையில் அவரை உட்காரவைத்துக் கேலி செய்தார்கள்.

"சீனி மாமா, ஒமக்குன்னு அடியில என்ன கிடக்கோ?"

"எது கிடக்கோ அது."

"அடியில கிடக்கிறதுலதான் சீனி நிக்கும், பேருக்கேத்தாப்ல."

"பனி மட்டும் வேணாம்ப்பா" என்றார் அவர், நிஜமாகவே யோசித்து. "எனக்குக் குளிரு ஒத்துக்காது. அந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியாம்ல, போன்ல சொல்லுவான், அங்க சாப்பிட்ட சாப்பாடு ஏதாவது வந்தாப் போதும். எம்புள்ள அங்க நல்லாச் சாப்பிட்டானான்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்."

இதை லிங்கம் கிளினிக்கில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். தவசீலன் அன்றைக்கு வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். முதல் நாளிலிருந்தே வீட்டில் அப்பாவின் கை படாமல் ஒதுங்கியவன், அதிலிருந்து இன்னும் கவனமானான். தட்டைத் தரையில் வைத்து நகர்த்தினான், சாவியைக் கையில் கொடுக்காமல் ஆணியில் மாட்டினான், அவர் தோளைத் தொட வந்தபோது ஈரத் துண்டை எடுக்கிற சாக்கில் எழுந்து போனான். சீனிச்சாமி கையைத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டார். முறை இன்னும் வரவில்லை போல என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆடி முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது. இரண்டே இரண்டு மிஞ்சின. ஒன்று மனானாவின் மேசை. மற்றது, சின்ன வயதில் வெளியூர் போய் வந்தது ஒன்று, என்ன என்று இப்போது அவனால் சொல்ல முடியாது, கேட்டுத்தான் தெரியும். மதுரையிலிருந்து இருமல் மருந்து விற்க வந்த பிரதிநிதி ஒருத்தன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், இந்த ஊர் சமாச்சாரம் ஒன்றும் தெரியாதவன், உள்ளே நுழைந்த வேகத்தில் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். குலுக்கின கையை விடாமல் அப்படியே நின்றான்.

"சார், ஒரு வேனு. சங்கு படம் போட்டிருக்கு. முன் சீட்டுல நான் உக்காந்திருக்கேன், கால் தரையில எட்டல. பின்னால காலியா இருக்கு, யாரையோ கன்யாகுமரியில இறக்கி விட்டுட்டு வர்றோம்போல. டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, என்னையத் தோள்ல தூக்கி வச்சிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்குறாரு. அலை வரும்போதெல்லாம் அவரும் கத்துறாரு, நானும் கத்துறேன்." அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "யாரு சார் அவரு?"

"எங்க அப்பா" என்றான் தவசீலன்.

அந்தப் பையன் சாம்பிள் மருந்துப் பாட்டில்களை மேசையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி, அந்தக் கடலையும் கூட்டிக்கொண்டு சாத்தூர் ரோட்டில் போனான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டான் என்று சொன்னார்கள். அப்பாவுக்குக் கொடுத்திருக்க வேண்டியது அதுதான் என்று தவசீலனுக்குப் புரிந்தபோது, அப்பாவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பயப்படாமல் தொட்டிருந்தால் ஒருவேளை அதுவே போயிருக்கும் என்று புரிந்தபோது, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜெபமணி விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

இனி மிஞ்சியது ஒன்றுதான். மறுநாளிலிருந்து அவன் கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டான். உறையைத் தாண்டி எதுவும் இறங்காது. ஊர் இரண்டு நாள் பொறுத்தது. மூன்றாம் நாள் வள்ளிமயில் வந்து, மணிக்கட்டை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்களத் தொட்டா ஒட்டிக்கிருமா சார்?"

"அதுக்கில்லம்மா. கிருமிக்காக."

"இத்தன நாளும் இல்லாத கிருமி." அவள் உட்காரவில்லை. "ஒங்க அப்பா கையால தண்ணி வாங்கிக் குடிக்காத வீடு எத்தன இருந்துச்சு, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தான? நீங்களே உறை மாட்டலாமா?"

அவன் உறை போட்ட கையாலேயே மருந்துச் சீட்டை எழுதி நீட்டினான். ஊரில் பேச்சு வேறுமாதிரி ஆயிற்று. ஊருக்கு வைத்தாயிற்று, சீனிக்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை, பெற்றவருக்கு வைக்க மனசில்லாமல் கையை மூடிக்கொண்டான் என்றார்கள். சீனிச்சாமி டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு காலையில், குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, மகனைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு வேணும்னு இல்ல. நாலு பேரு கேக்காங்க. நீ குடுத்துட்டன்னு சொல்லிரட்டுமா?"

"குடுக்கேன்ப்பா. இந்த வாரம்."

"எதுவும் இல்லாட்டாலும் பரவால்ல. தீந்து போச்சுன்னா தீந்து போச்சுன்னு சொல்லு."

தவசீலன் கைகழுவ எழுந்து போனான்.

அப்போதுதான் மேலத்தெரு எத்திராசு வீட்டிலிருந்து ஆள் வந்தது. எத்திராசு பல நாளாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார், கண் திறக்கவில்லை, காது கேட்கவில்லை, பால் இறங்கவில்லை. அவர் மகள் சௌந்தரம், நாடி மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார், சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்பலாமா வேண்டாமா என்று தெரிந்தால் போதும் என்றாள். தவசீலன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முகத்தைப் பார்த்து, இது எழுந்து யாரிடமும் ஒன்றும் சொல்லப்போகிற முகம் இல்லை என்று கண்டுகொண்டான். சௌந்தரத்தை வெந்நீர் எடுத்துவரச் சொன்னான். வெந்நீருக்கு வேலை ஒன்றும் இல்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் உறையைக் கழற்றினான், எத்திராசின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான், சாகப்போகிற மனுசர் மேல் குப்பையைக் கொட்டுகிறோம் என்று தெரிந்தே வைத்துக்கொண்டான். எத்திராசின் உதடு லேசாக அசைந்தது, ருசி பார்க்கிற மாதிரி. பிறகு அடங்கியது.

தெருவுக்கு வந்தபோது தவசீலனுக்குத் தேகம் லேசாக இருந்தது. எதையோ ஒளித்துவைத்துவிட்டு வந்தோம் என்பது நினைவிருந்தது. எதை என்பது இல்லை. மேசை இல்லை, ரொட்டி இல்லை, தன் வாயால் சொன்ன அந்த இரண்டு வார்த்தை இல்லை. யார் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்தோம் என்பதும் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிடப் போனான், பாதியில் நின்றது. முகம் எரிந்தது. காது மடல் சுட்டது. தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது, குனிந்துகொண்டு சுவரோரமாக நடந்தான். போனது சம்பவம் மட்டும்தான்.

எத்திராசு மத்தியானமே போய்விட்டார். ரதத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

செவல்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிணத்தின் மேல் இருப்பது தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு என்று. போர்த்திய துணி, தலைமாட்டு அரிசி, மடியில் முடிந்து மறந்துபோனது, கையில் பிடித்தபடியே விட்டுப்போனது, எதுவானாலும் வண்டிக்காரருக்குத்தான், மகனோ மகளோ திருப்பிக் கேட்க மாட்டார்கள். தவசீலன் தின்று வளர்ந்த அரிசியில் அந்த அரிசியும் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு உடுத்திப்போன சட்டையில் அந்தத் துணியும் உண்டு. ஊருக்கே தெரிந்ததை அவன் ஒருத்தன்தான், அது தன்னுடைய வீட்டு விஷயம் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று வருடக்கணக்காக நினைக்காமல் இருந்து இருந்து, அடியோடு மறந்துபோயிருந்தான்.

சீனிச்சாமி எத்திராசின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். பாதி தூக்கியவர் அப்படியே நின்றார். கால்மாட்டில் பிடித்தவன், "என்ன மாமா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டான். அவர் மூக்கு எதையோ மோந்தது. நாக்கு உதட்டைத் தடவியது. பிறகு தன் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார், அதில் ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தூக்குப்பா" என்றார். சுடுகாட்டுக்குப் போகும்போது ரதம் எப்போதையும்விட மெதுவாகப் போயிற்று என்றும், டிரைவர் ரோட்டில் ஒரு குழியைக்கூடத் தவறவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார் என்றும் பின்னால் நடந்தவர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்து, வெளியிலேயே அடிபம்பில் குளித்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றார். லிங்கம் தெருவிலிருந்தே கேட்டான்.

"என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? வந்த கை வந்துருச்சா?"

"வந்துச்சு."

"அட. என்னது?"

"விருந்து. எனக்குன்னு வச்ச விருந்து."

"நீரு எங்கய்யா அங்க போனீரு?"

"நான் இல்லாமலே வச்சாங்க." சீனிச்சாமி வேட்டியைப் பிழிந்தார். "பெரிய மேசை. ரொட்டி. எல்லாரும் எந்திரிச்சு நின்னு எம்பேரச் சொன்னாங்க."

"கேட்டீகளா" என்று லிங்கம் தெருவைப் பார்த்துச் சொன்னான். "எனக்குக் கக்கூஸு வரிசை. இவருக்கு எந்திரிச்சு நின்னு மரியாதை. அப்பன்னா அப்பன்தான்யா." தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள், மனசு நிறைந்து சிரித்தார்கள், பெற்றவருக்கு நல்லதாகத்தான் எடுத்து வைத்திருந்திருக்கிறான் பையன், நாமதான் தப்பாப் பேசிட்டோம் என்றார்கள். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற தவசீலனுக்கு முகம் தீயாக எரிந்தது. எதற்கென்று தெரியவில்லை.

அப்பா உள்ளே வந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கேட்டான்.

"என்னப்பா வந்துச்சு?"

சீனிச்சாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா?"

"குடுத்துட்டா எனக்கு இருக்காதுப்பா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு நீ தலையத் தொங்கப்போட்டு நிக்க?"

"தெரியலப்பா."

தவசீலன் பானையை இறக்கினான், தட்டு வைத்தான், தட்டை இந்தத் தடவை கையிலேயே கொடுத்தான். விரல் பட்டது. எதுவும் இறங்கவில்லை, இறங்க எதுவும் இல்லை. சீனிச்சாமி சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல" என்றார். "அன்னைக்கு நான் போன் போட்டிருக்கேன். அது அடிக்குது. என்னத்துக்குப் போட்டேன்னு யோசிச்சுப் பாக்கேன், யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வர மாட்டேங்குது. சும்மா போட்டேனா, இல்ல ஏதாவது சொல்லணும்னு போட்டேனா."

"என்னைக்குப்பா?"

"ஒனக்குத்தான் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.

அதிலிருந்து ரதம் பஸ் ஸ்டாண்டு வழியாக வருகிற சத்தம் கேட்டால் தவசீலன் எந்த வேலையாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மாடிப்படி இறங்கி வந்து, தெருவோரம் தலையைக் குனிந்து நிற்பான். நிற்காவிட்டால் காது மடல் சுடுகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். செத்தவருக்கு டாக்டர் மரியாதை செய்கிறார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. டாக்டரே நிற்கும்போது நாம் உட்கார்ந்திருப்பதா என்று லிங்கம் பாய்லரை விட்டு வெளியே வந்தான், பொன்னுத்துரை மெஷினை நிறுத்தினார், வள்ளிமயில் கூட்டாளிகளோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள், முன்பு நடையில் வைத்துவிட்டுப் போ என்று சொன்னவர்கள்கூடத் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், இப்போது அது வழக்கமாகிவிட்டது, வெளியூர் லாரிக்காரர்கள்கூட அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுகிறார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, நடுவே ரதம் மெல்லப் போகும். சீனிச்சாமி இரண்டு பக்கமும் நிற்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகத் தலையை அசைத்துக்கொண்டே வருவார். கிளினிக் படிக்கட்டு வரும்போது மட்டும் நேரே ரோட்டைப் பார்ப்பார்.